கறுப்பு ஓரம் ஒட்டிய படம்

என் மகள் தானாக ஒருவனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் போனபோது, இனி உன் குரல் என் காதில் விழக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவள் கடுதாசி போட்டாலும் பயனில்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கிற படிப்புத்தான் என்னுடையது. அது தெரிந்துதான் படம் அனுப்ப ஆரம்பித்தாள். பத்திரிகைத் தாள், ஜிகினா, சேலைத் துண்டு என்று வெட்டி வெட்டி ஒட்டிய படம் தபாலில் வரும்.

படம் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒன்றில் சேலைத் துணியில் செய்த பெண் ஒருத்தி. அவளைச் சுற்றி மாங்காய்க் கீற்றும் புளியங்காயும். இங்கே செக்காலையில் எங்களோடு ஒரே வீட்டில் இருக்கும் என் ஓரகத்தி, கொழுந்தன் மனைவி, பார்த்ததும் கண் கலங்கினாள்.

"அக்கா, புள்ள மசக்கையா இருக்கா."

"கோயம்புத்தூர்ல மாங்கா மலிவு போல," என்றேன். எனக்கா புரியாது?

அடுத்து வந்த கவரை வாசலிலேயே பிரித்தேன். பாதி உருவியதும் கை நின்றது. ஓரமெல்லாம் கறுப்பு. எங்கள் பக்கம் சாவுச் சேதி சொல்லும் கடுதாசிக்குத்தான் கறுப்பு வைப்பார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசலில் கிழித்துப் போட்டுவிட்டுத் தலை முழுக வேண்டும். விலாசம் மகள் கையெழுத்து. அப்படியானால் போனவன் அவள் புருஷன். மேற்கொண்டு பார்க்காமல் கவரோடு சேர்த்துக் கிழித்து எறிந்தேன். அழவில்லை. இனித் தனியாகத்தானே வருவாள் என்று நினைத்தேன். "பின்கட்டு ரூமைக் கூட்டி வையி," என்று ஓரகத்தியிடம் சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன்.

ஈரச் சேலையோடு எழுந்தபோது எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன மதினி, உச்சி வெயில்ல தலை முழுகிருக்கீக? யாரை?"

"எல்லாம் கோயம்புத்தூர்ல இருக்கிறவளாலதான்."

"ஆத்தாடி! பெத்த மகளையா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அதற்குள் ஓரகத்தி துண்டுகளைப் பொறுக்கித் தரையில் சேர்த்து வைத்திருந்தாள்.

"இதையா கிழிச்சீக? போட்டோவுக்குச் சட்டம் போட்டாப்புல கறுப்புத்தாள் ஒட்டிருக்கா. அம்புட்டுத்தான்க்கா."

குனிந்து பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய எங்கள் வீட்டு நிலைக்கதவு. படியில் வயிறு தள்ளிய பெண். கை நிறைய ஜிகினா வளையல். பக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு கேட்கிறாள். அவனோடு வரட்டுமா என்றும் கேட்கிறாள்.

அவன் உயிரோடுதான் இருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "அந்த ரூமைப் பூட்டிரு," என்றேன்.

எங்கள் பேச்சில் ஒருவருக்குத் தலை முழுகினால் அது சாவு. ஒருவரைத் தலை முழுகினால் உறவை அறுத்தாயிற்று என்று பொருள். எதிர்வீட்டுக்காரி எடுத்துக்கொண்டது இரண்டாவதை. அவள் மகளும் என் மகளும் ஒன்றாகப் படித்தவர்கள். பொழுது சாய்வதற்குள் ஓரகத்தியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"சின்னம்மா, அம்மா என்னையத் தலை முழுகிட்டாகளாமே. நெசமா?"

ஓரகத்தி போனைக் கையால் மூடிக்கொண்டாள். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. புள்ளத்தாச்சி அழுகுறா."

ஒரு வார்த்தைதான். சொன்னால் அவனுக்கும் சேர்த்து இலை போட வேண்டும். நான் படத்தைச் சாவோலை என்று நினைத்துக் கிழித்த கதையைத் தெருவே சொல்லிச் சிரிக்கும்.

"ஆமான்னு சொல்லு," என்றேன், போனுக்குள் கேட்கிற மாதிரி.

அதற்குப் பிறகு படம் எதுவும் வரவில்லை. பிரசவம் அங்கேயே ஆயிற்று. ஆணா பெண்ணா என்று ஓரகத்திக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.