எழுதிப் போட்டுராதீக

உத்தமபாளையத்தில் கணக்கு டீச்சராக இருந்த ஹுஸ்னா, நாற்பத்திரண்டு வயதில் அஞ்சல் வழியில் எம்.ஏ. உளவியல் படித்தாள். நஷ்டப்பட்ட விவசாயிகளிடம் எவ்வளவு நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்பதுதான் அவள் ஆய்வு. 2008இல், மழையில் திராட்சை வெடித்து அழுகிப்போன ஓடைப்பட்டிக்கு இருபத்து நான்கு கேள்விகளோடு போனாள். பத்தொன்பது பேரிடம் கேட்டாயிற்று. ஒருவர் விடாமல் நம்பிக்கையே இல்லை என்றுதான் சொன்னார்கள். ஹுஸ்னாவுக்கு அழுகை முட்டியது. பாதி அவர்களுக்காக, பாதி ஆய்வுக்காக.

இருபதாவது ஆள் ராமுத்தாய். பந்தலுக்கடியில் நின்று கத்தரிக்கோலால் கொடியைக் கவாத்து பண்ணிக்கொண்டே, எல்லாக் கேள்விக்கும் "இல்ல, இல்ல" என்றாள்.

ஹுஸ்னாவுக்குப் பொறுக்கவில்லை. "நம்பிக்கை இல்லேங்கிறீக, பெறகு எதுக்குக்கா வெட்டுறீக?"

"இப்ப வெட்டுனாத்தான டீச்சர் நாலு மாசத்துல பழம் எடுக்கலாம்?"

"அப்ப நம்பிக்கை இருக்குன்னு போட்டுக்கிறட்டா?"

ராமுத்தாய் பதறிப்போனாள். "ஆத்தாடி, எழுதிப் போட்டுராதீக! கண்ணு பட்டுரும்."

மறுநாள் ஹுஸ்னா அந்த இருபத்து நான்கையும் வீட்டில் வைத்துவிட்டு, ஒரே கேள்வியோடு பத்தொன்பது பேரிடமும் திரும்பப் போனாள். "அடுத்த பழம் என்னைக்கு எடுப்பீக?" அத்தனை பேரும் விரல்விட்டு எண்ணித் தேதி சொன்னார்கள்.

ஆய்வைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தவளிடம் கணவர் கலீல் ரஹ்மான், "பாஸாயிருவியா?" என்று கேட்டார்.

"எங்கிட்டுப் பாஸாகுறது!" என்று சலித்துக்கொண்டே எம்.பில். விண்ணப்பத்தில் தன் புகைப்படத்தை ஒட்டினாள்.