ஜோடியா குடுங்க பாய்

என் வீட்டுக்காரருக்குக் கப்பல்ல வேலை கிடைச்சப்போ நான் ஆறு மாசம் முழுகாம இருந்தேன். சரக்குக் கப்பல் இல்ல, ஜனங்க காசு குடுத்து ஏறி ஊர் ஊரா சுத்துற உல்லாசக் கப்பல். அதுவரைக்கும் வேலூர்ல ஒரு ஓட்டல்ல பரோட்டா போட்டுட்டு இருந்த மனுஷன், இனிமே வெள்ளைக்காரங்களுக்கு ரொட்டி சுடப் போறார். எனக்குத் தலைகால் புரியல. சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

"குழந்தை பொறக்கறப்போ நீங்க இருக்கமாட்டீங்களே"ன்னேன்.

"போன் இருக்குதே. கப்பல் கரைக்கு வந்தா சிக்னல் கிடைக்கும். குழந்தை அழற சத்தத்தை மட்டும் கேக்க வெச்சிடு, அது போதும் எனக்கு"ன்னார்.

அவ்வளவுதான், அதுலருந்து எனக்கு ஒரே கவலை. அந்த மனுஷன் போன்ல சார்ஜ் நிக்கணும்.

கப்பல்ல பிளக்கு எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? ஏஜென்ட்டைக் கேட்டா, "அங்க போய்ப் பாத்துக்கலாம்மா"ன்னான். துபாய்ல இருந்துட்டு வந்த எதிர்வீட்டு அண்ணன், "மூணு கட்டைப் பின்னுதாம்மா உலகம் பூரா"ன்னு அடிச்சுச் சொன்னார். என் மாமியார், "தண்ணிமேல போற கப்பலுக்குக் கரண்டு எங்கேருந்துடி வருது?"ன்னு கேட்டுட்டு, புள்ளைக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு ஜெபம் பண்ண உக்காந்துட்டாங்க. பேஜாராப் போச்சு.

நான் அப்போ ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன். டப்பா மேல சைஸ் ஸ்டிக்கர் ஒட்டறது என் வேலை. ஒரே ஷூதான், ஆனா லண்டன் போனா ஒரு நம்பர், ஜெர்மனி போனா ஒரு நம்பர், அமெரிக்கா போனா வேற நம்பர். தைச்சது எந்த ஊருன்னு எவன் பாக்கறான்? வாங்கறவன் ஊரு நம்பர்தான் கணக்கு. அப்போ பிளக்கும் அப்படித்தானே இருக்கணும்?

"கப்பல் எங்க ஓடுனா இன்னா? ஓனர் எந்த ஊரு?"ன்னு இவரைக் கேட்டேன்.

"அமெரிக்கா."

"அப்போ அமெரிக்கா பின்னு. முடிஞ்சுது."

இவர் என்னை ஏற இறங்கப் பாத்தார். "எப்போ சூப்பர்வைசர் ஆனே?"ன்னார்.

ஞாயித்துக்கிழமை சர்ச் முடிஞ்சதும் மேல்விஷாரம் போனோம். அங்க ஒரு பாய் கடையில பாரின் சாமானெல்லாம் கிடைக்கும், செண்ட்டுலருந்து டார்ச்சு வரைக்கும். பாய் ஒரு டப்பாவைக் கவுத்துக் கொட்டினார். கட்டைப் பின்னு, குண்டுப் பின்னு, தட்டைப் பின்னு. தட்டைப் பின்னுதான் அமெரிக்காவுக்குன்னார். அந்த அடாப்டரை மட்டும் ஒவ்வொண்ணா எடுத்து, சார்ஜரைச் சொருகி ஆட்டிப் பாத்தேன். லொடலொடன்னு ஆடுச்சு, தள்ளி வெச்சேன். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தேன்.

"இன்னாம்மா, தோல் வாங்க வந்தியா, பிளக்கு வாங்க வந்தியா?"ன்னார் பாய்.

கடைசியில ஒண்ணு கச்சுன்னு உக்காந்துச்சு.

"இதுல ஜோடியா குடுங்க பாய்"ன்னேன்.

எங்க செக்‌ஷன்ல ஒத்தையா ஒண்ணு கையில வந்தா அது ரிஜெக்ட்டு. அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் போகாது, எனக்குத் துடைப்பம் வாங்கினாக்கூட ரெண்டு வேணும். பாய் வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சார். "லெப்ட்டு ஒண்ணு, ரைட்டு ஒண்ணாம்மா?" என் வீட்டுக்காரர் வெக்கத்துல கடைக்கு வெளிய போய் நின்னுட்டார். நிக்கட்டும்னு விட்டுட்டேன்.

பெட்டி கட்டற அன்னைக்கு என் அண்ணன் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செஞ்சு எடுத்துட்டு வந்தான். மரப்பெட்டி, நாலு சுவிட்ச்சு, செவப்பு லைட்டு, ஒரு கல்யாணத்துக்கே லைன் குடுக்கலாம். ஒரு அடாப்டரை அதுல மாட்டி உள்ள வெச்சோம். இன்னொண்ணை நான் காகிதத்துல சுருட்டி, அவருக்காக வாங்கின கம்பெனி ஷூ ஜோடியில வலது கால் ஷூவோட மூக்குல திணிச்சேன். உள்ள எதையாவது திணிக்காம ஷூவைப் பெட்டியில வைக்க எனக்குக் கை வராது. அவர்கிட்ட சொல்லல, சொன்னா சிரிச்சே வெளிய எடுத்துப் போட்டிருப்பார்.

கப்பல் ஏறின மறுநாள் ரூம் போன்லருந்து கார்டு போட்டுப் பேசினார். குரலே சரியில்ல. செக்கிங்ல அண்ணனோட பாக்ஸைப் பாத்துட்டு, கப்பலுக்கு வெடி வைக்க வந்தவனாட்டம் இவரை நிக்க வெச்சுட்டாங்களாம். பாக்ஸ் போச்சு, கூடவே அடாப்டரும் போச்சு.

"சுவத்துல தட்டை ஓட்டைதான் இருக்குது, நீ சொன்னது கரெக்ட்டு. இருந்து இன்னா பண்றது? போன் செத்துப்போச்சு. ரெண்டு மாசத்துக்குக் கரையில இறங்க விடமாட்டாங்களாம், கடைக்கும் போக முடியாது. இந்தக் கார்டு விக்கற வெலைக்கு நெனச்சப்பல்லாம் பேசவும் முடியாது. குழந்தை சத்தம் கேக்க எனக்குக் குடுத்து வைக்கலம்மா."

ஆம்பளை விசும்பறது கேக்குது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்!

"யோவ்! அந்த ஷூவைத் தொட்டியா நீ?"

"கிச்சனுக்கு அவங்களே ஷூ குடுத்துட்டாங்க..."

"வலது கால் ஷூவுல கைய விட்டுப் பாருய்யா!"

பக்கத்துல மாமியார் வாயப் பொளந்துட்டு நிக்கறாங்க, புருஷனை யோவ்னு கூப்பிட்டதுக்கு. அந்தப் பக்கம் காகிதம் கசங்கற சத்தம். அப்புறம் "ஏய், ஜோடி!"ன்னு ஒரு கத்தல். அதோட கார்டு தீந்து லைன் கட்டாயிடுச்சு. நானும் மாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம், வயித்துல இருந்ததும் சேந்து உதைச்சுது.

பொண்ணு பொறந்தா. கப்பல் கரைக்கு வந்த அன்னைக்கு நான் இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருந்தேன். போன் அடிச்சுது.

"அழச் சொல்லு, அழச் சொல்லு"ன்றார்.

மகாராணி தூங்கறா. ஆட்டிப் பாத்தேன், கூப்பிட்டுப் பாத்தேன், அசையல. "சார்ஜ் இருக்குதா?"ன்னேன். "புல்லு! நீ மெதுவா எழுப்பு"ன்னார்.

நர்ஸம்மா விஷயத்தைக் கேட்டுட்டுச் சிரிச்சாங்க. வந்து, குழந்தையோட வலது உள்ளங்கால்ல லேசா ஒரு சுண்டு சுண்டினாங்க. வீல்னு கத்தினா பாருங்க, வார்டே திரும்பிப் பாத்துச்சு. போனை அவ வாய்கிட்ட வெச்சேன். அந்தப் பக்கம் அவரும் அழறார், சிரிக்கறார், யார்கிட்டயோ இங்கிலீஷ்ல "மை டாட்டர், மை டாட்டர்"னு சொல்றார். எனக்கும் கண்ணுல தண்ணி நிக்கல.

"இன்னொரு தடவை"ன்னார்.

இடது காலை நானே சுண்டினேன். ஜோடியாவே கேக்கட்டும்.