லெஃப்ட் பேக்குக்காக ஒரு மொட்டை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும் என்று அம்மா சொல்வார். அந்த வருடம் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் என் காது சிவந்தேதான் இருந்தது. காரணம், கடல் தாண்டி இங்கிலாந்தில் இருக்கும் ஓர் இருபது வயதுக்காரன். எங்கள் கால்பந்து கிளப்பின் லெஃப்ட் பேக். இடது ஓரத்தில் நின்றுகொண்டு எதிரணி ஆளை உள்ளே விடாமல் மறிப்பது அவன் வேலை. நான் "எங்கள் கிளப்" என்று சொன்னால் எங்கள் ஊர் நகரியில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கிரிக்கெட்டை விட்டால் வேறு ஆட்டமே தெரியாத ஊரில் எனக்குத் துணையாக ஒரே ஒருத்தன் இருந்தான், அது போதுமாக இருந்தது.

அவனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சிநேகிதர்கள். இரண்டு வீட்டிலும் பவர்லூம். தறிச் சத்தத்துக்குள் வளர்ந்ததால் இரண்டு பேருக்குமே மெதுவாகப் பேச வராது. நான் திருப்பதியில் ஒரு கடையில் செல்போன் ரிப்பேர் பார்த்தேன். அவன் அடுத்த தெருவில் ஒரு ஷோரூமில் போன் விற்றான். காலையில் ஒரே பாசஞ்சரில் போவோம், சாயங்காலம் ஒன்றாகவே திரும்புவோம். சனிக்கிழமை சாயங்காலம் மேட்ச் இருந்தால் ரயிலிலேயே ஒரு போனை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு காதில் இயர்போன் மாட்டிப் பார்ப்போம். புத்தூர் தாண்டியதும் சிக்னல் போய்விடும். அந்த நேரம் பார்த்துத்தான் கோல் விழும்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு திட்டம் இருந்தது. நகரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாக ஒரு சர்வீஸ் கடை. நான் உள்ளே உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பேன், அவன் முன்னால் நின்று வருகிறவர்களிடம் பேசுவான். தண்ணீரில் போட்ட போனைக் கொண்டுவந்து, போடவே இல்லை என்று சாதிக்கிறவரிடம் என்னால் இரண்டு நிமிடம் பொறுமையாகப் பேச முடியாது. அவன் இல்லாமல் நான் கடை வைத்தால் ஒரே மாதத்தில் கைகலப்பாகிவிடும் என்பது எனக்கே தெரியும். இடம் முடிவானபோது ஆனி கடைசி. ஆடியில் யாராவது கடை திறப்பார்களா? ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் திறப்பது என்று பேசிக்கொண்டோம். ஆவணி பிறந்தால் வரமாட்டேன் என்று நான் என் முதலாளியிடம் சொல்லியும்விட்டேன். அவனும் ஷோரூமில் சொல்லியிருப்பான் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

ஆக, கடை விஷயத்தில் ஆடி மாதம் முழுக்க எங்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. வெள்ளைக்காரர்கள் கோடை டிரான்ஸ்ஃபர் என்று கிளப்புக்குக் கிளப் ஆள் மாற்றிக்கொள்வதும் ஏறக்குறைய நம்முடைய ஆடியில்தான் சூடு பிடிக்கும். ஸ்பெயினில் ஒரு பெரிய கிளப் எங்கள் லெஃப்ட் பேக்கைக் கேட்கிறது என்று ஒரு செய்தி கிளம்பியது. எங்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. சித்தூர், திருப்பதி, தடா என்று அங்கங்கே ஒற்றை ஆளாய்க் கிடந்த ரசிகர்களைப் பிடித்து நான்தான் சேர்த்தேன், அட்மினும் நான்தான். அந்தக் குரூப் உடனே துப்பறியும் இலாகா ஆகிவிட்டது. லெஃப்ட் பேக்கின் இன்ஸ்டாகிராமில் கிளப் படம் ஒன்றைக் காணோம் என்றார் ஒருவர். அவனுடைய அக்கா ஸ்பானிஷ் மொழி கற்கிறாள் என்றார் இன்னொருவர். தடாக்காரர் ஒருவர் விமான நிலையப் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்து, மூன்று பெட்டி எடுத்துப் போகிறான், விடுமுறைக்குப் போகிறவனுக்கு மூன்று பெட்டி எதற்கு என்று கேட்டார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை.

லெஃப்ட் பேக் எங்கிருந்தோ வாங்கிவந்த ஆள் இல்லை. எட்டு வயதில் அந்தக் கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தவன். முதல் மேட்சில் மாற்று ஆளாக இறங்கியபோது அவனுடைய கால் நடுங்கியதை நாங்கள் புத்தூர் வருவதற்கு முன்னால் வண்டி நின்றிருந்தபோது பார்த்தோம். நம்மோடு வளர்ந்தவன் நம்மை விட்டுப் போவதா? போனால் அவன் துரோகி என்று குரூப்பில் எழுதினேன். குப்பம் காலேஜில் படிக்கிற ஒருவர், நல்ல வாய்ப்பு வந்தால் யார்தான் போகமாட்டார்கள் என்று பதில் போட்டார். அவரைக் குரூப்பிலிருந்து தூக்கினேன். இப்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

என் சிநேகிதன் மட்டும் அந்த ஆடியில் ஒரு மாதிரியாகப் பேசினான். வழக்கமாக என்னைவிட அதிகம் கத்துகிறவன், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, அவன் போனால் என்ன தப்பு என்று கேட்பான். அவனுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, பெரிய இடத்தில் ஆடிப் பார்க்க ஆசை இருக்காதா என்பான். இன்னொரு நாள், போகிறவன் சொல்லிவிட்டுப் போனால் கோபப்படமாட்டாயா என்று கேட்டான். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் துரோகி துரோகிதான் என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றினான். என்னைச் சீண்டிப் பார்க்கிறான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். எதிர்வாதம் செய்தால் எனக்குக் காது சிவக்கும், அதைப் பார்ப்பதில் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குஷி.

ஒரு காலையில் வண்டி ரேணிகுண்டாவில் நிற்க, திருமலை பளிச்சென்று தெரிந்தது. லெஃப்ட் பேக் போகாமல் இருந்தால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். வேண்டுதலை வெளியில் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்பார்கள் எங்கள் பக்கம். அடுத்தவர் வேண்டுதல் என்னவென்று கேட்பதும் கூடாது. நான் எதையும் வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவன். ரயில் பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லி, குரூப்பிலும் போட்டுவிட்டேன். என் சிநேகிதன் சிரிக்கவில்லை. அவனும் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

ஆடி முடிய நாலைந்து நாள் இருக்கும்போது செய்தி வந்தது. லெஃப்ட் பேக் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான், ஐந்து வருடம் எங்கேயும் போகமாட்டான். கிளப்பே படம் வெளியிட்டது, அவன் பேனாவும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் கடையில் ஒருத்தருடைய போனைப் பிரித்துப் போட்ட நிலையில் அப்படியே எழுந்து தெருவுக்கு ஓடினேன். ஷோரூம் வாசலுக்கு என் சிநேகிதனை வரச்சொல்லிக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நாளைக்கே மலைக்குப் போகிறேன் என்றேன்.

"நானும் வரேன்டா. எனக்கும் ஒரு வேண்டுதல் இருக்கு" என்றான்.

பேச்சில் எதிர்க்கட்சி கட்டிவிட்டு, உள்ளுக்குள் எனக்காக அவனும் அதையே வேண்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கமாட்டார்கள்.

மலையடிவாரத்து அலிபிரியிலிருந்து படியேறினோம். வழியில் இருக்கும் காலி கோபுரம் வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அவன் என் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். மொட்டை போடும் கல்யாணகட்டாவில் டோக்கனும் பிளேடும் வாங்கிப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மழிக்கிறவர் எந்த ஊர் என்று தெலுங்கில் கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நகரி என்றோம். தலையில் தண்ணீர் ஊற்றியதும் அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொன்னான். வெளியே வந்து சந்தனம் பூசிக்கொண்டு ஒரு படம் எடுத்தோம். அதைக் குரூப்பில் போட்டபோது அத்தனை பேரும் கோவிந்தா கோவிந்தா என்று எழுதினார்கள். ஒரு லெஃப்ட் பேக்குக்கு இரண்டு மொட்டை என்று தடாக்காரர் எழுதினார். அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

கடை திறப்புக்கு ஐந்து நாள் இருந்தது. போர்டில் எழுத்து எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். அன்று கரண்ட் இல்லை. தறிகள் நின்றுபோய்க் கிடந்தன. அந்த வீட்டில் மெதுவாகப் பேசினாலும் கேட்கிற நேரம் அது ஒன்றுதான். அவன் அம்மா வாசலில் உட்கார்ந்து நூல் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என் மொட்டைத் தலையைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பெங்களூர்ல வேல கெடச்சா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினான் நைனா. பெருமாளு ஒடனே கண்ண தொறந்துட்டாரு. நீயும் மலைக்கி தொணைக்கி போனியாமே. நல்லா இருப்ப."

முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. எந்த வேலை என்று கேட்டேன். பெரிய போன் கம்பெனி, இன்டர்வியூ எல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது, வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். உனக்குத் தெரியாததா என்றும் சேர்த்துக்கொண்டார். திங்கட்கிழமைதான் எங்கள் முகூர்த்தம்.

அவன் மாடியிலிருந்து இறங்கி வந்தான். என் காதைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பான். அம்மா காபி போட உள்ளே போனார். நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தான் போல, ஒரு படி மேலேயே நின்றான். எனக்குக் கத்த வரவில்லை. ஆடி முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாயே, ஒரு நாளாவது சொன்னாயா என்று மட்டும் கேட்டேன்.

"எத்தினி தபா கேட்டேன், அவன் போனா இன்னா தப்புன்னு. நீ துரோகி துரோகின்னே சொல்லிக்கினு இருந்த."

அது லெஃப்ட் பேக்கைப் பற்றிய பேச்சு என்றேன்.

"அவன பத்தி நான் எதுக்குடா அத்தினி தபா கேக்கப்போறேன்?"

அவன் கேட்டது நியாயம்தான். ஆனால் மலையில் நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே நாளில், ஒரே இடத்தில், தோளோடு தோள் உட்கார்ந்து தலை குனிந்தோம். நான் யாரோ ஒருவன் எங்கள் கிளப்பை விட்டுப் போகாததற்காக நன்றி சொன்னேன். இவன் என்னை விட்டுப் போக வழி கிடைத்ததற்காக நன்றி சொன்னான். என் பையையும் சுமந்துகொண்டு வந்து சொன்னான். வேலைக்குப் போகட்டும், பெங்களூர் என்ன, அமெரிக்காவே போகட்டும். படியேறும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏற எவ்வளவு நேரம் ஆனது.

அதையே அவனிடம் சொன்னேன். அவன் இறங்கி என் எதிரில் வந்து நின்றான்.

"சொல்லியிருந்தா போவ உட்டிருப்பியா?"

"உட்டிருக்க மாட்டேன்" என்றேன்.

"அதுக்குத்தான்" என்றான்.

அவன் அம்மா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து கொடுத்தார். ஆறிப்போவதற்குள் குடிக்கச் சொன்னார். பெங்களூரில் இவனுக்கு ஒருத்தரையும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை நீயும் கூடப் போய் ரூமில் விட்டுவிட்டு வா நைனா, நீ போனால் எனக்கு நிம்மதி என்றார். அவன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வரமாட்டேன் என்பது அவனுக்குத் தெரியும். "சரிம்மா, போறேன்" என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் பொய் அதுதான்.