மேப்பிள் நிழலில் கிழங்கு

தோட்டத் துண்டுகளின் மேல் நிழல் விழுத்தும் கிளைகள், எழுத்துமூல விண்ணப்பம் கிடைத்தால், அடுத்த நடுகைக்கு முன்னர் வெட்டப்படும் என்பது நகரசபை விதி. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் பொதுத் தோட்டத்தின் வாசல் படலையில் அதை ஒட்டியிருந்தார்கள். இலங்கையில் அரசாங்க அலுவலகத்தில் விதி வாசித்தே ஓய்வுபெற்ற எனக்கு, அதைக் கடைசி வரிவரை வாசிப்பதில் சிரமம் இருக்கவில்லை.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் ஒருவர் இருந்தார். ஊரில் கிழங்குத் தோட்டம் செய்தவர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். 1986இல் துண்டுகள் பிரித்தபோது, எல்லோரும் ஒதுக்கிய ஒன்றை, இரண்டு மேப்பிள் மரங்களுக்குக் கீழே கிடந்ததை, அவர் கேட்டு வாங்கினார். யாழ்ப்பாணத்தில் உருளைக்கிழங்கு பனிக்காலப் பயிர். இங்கே அதைக் கோடையில் நடுவது அவருக்குச் சரியாகப் படவில்லை.

"வெயிலுக்கை கிழங்கு விழாது அண்ணை. நிழல் வேணும்."

அந்தக் கோடை மழையும் மப்புமாகப் போனது. செடி இடுப்பளவு வளர்ந்தது. கிண்டியபோது வந்தவை கண்ணாடிப் போளை அளவுக் கிழங்குகள்.

"உது கறிக்கோ, பிள்ளையள் விளையாடவோ?" என்று பக்கத்துத் துண்டுக்காரர் கேட்டார்.

இன்னொரு வருடமும் விளைச்சல் இல்லாவிட்டால் துண்டு வேறொருவருக்குப் போகும் என்று தோட்ட மேற்பார்வையாளர் அவரை எச்சரித்தார். உணவகத்தின் ஜன்னல் இல்லாத சமையலறையில் வாரம் முழுவதும் நின்று கோப்பை கழுவுகிற மனிதர் அவர். அந்தத் துண்டில் நிற்கும்போது மட்டும் அவர் பயிர் செய்கிற கமக்காரன். நிழல்தான் கெடுத்தது என்று அவரே சொல்ல, கிளைகளை வெட்டக் கேட்டு அவருக்காக நான் விண்ணப்பம் எழுதினேன். குளிர்காலத்தில் நினைவூட்டல், பனி கரைந்ததும் இன்னொன்று. ஒருவரும் வரவில்லை. வேறு வழியில்லாமல் அதே நிழலில் நட்டார்.

1987 கோடையில் வெயில் எரித்தது. திறந்த வெளியில் இருந்தவர்களின் செடிகள் கருகின, கிழங்கு பருக்கவில்லை. மேப்பிளின் கீழே மண் ஈரம் காயாமல் கிடந்தது. அவர் கைமுட்டி அளவுக் கிழங்குகளைச் சாக்கில் கட்டினார். மேற்பார்வையாளர் துண்டை அவருக்கே புதுப்பித்தார். அன்று பின்னேரமே அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, கொப்பு வெட்டச் சொன்னதை நிப்பாட்டுங்கோ."

"வாற வருசம் மழை எண்டால்?"

"அதை அப்ப பாப்பம். இப்ப நிழலை விடேலாது."

விதியில் பருவத்துக்கு இடமில்லை. நிழல் என்றால் நிழல்தான். ஆனால் விண்ணப்பத்தை மீளப்பெற இடமிருந்தது. முந்திய கடிதங்களின் இலக்கங்களைக் குறிப்பிட்டு, முறைப்படி எழுதினேன்.

ஒக்டோபரில் இயந்திரத்தோடு ஆட்கள் வந்து, அவருடைய பக்கத்துக் கிளைகளையெல்லாம் அடிமரத்தோடு ஒட்ட வெட்டினார்கள். மிகவும் சுத்தமான வேலை. அவர் வெளிச்சம் விழுந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, வேலியோரம் நிழலுள்ள துண்டு ஏதும் காலியாகுமோ என்று விசாரிக்கச் சொன்னார். விசாரித்தேன், இல்லை என்றார்கள்.

விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதை ஏற்பதாகவும், ஆகவே கிளைகள் எதுவும் வெட்டப்படமாட்டா என்றும் நகரசபையின் பதில் வந்தது, 1987 நவம்பர் 16, திங்கட்கிழமை.