கட்டிலுக்கடியில் ஒரு பழைய வைன்

நட்சத்திர ஹோட்டலில் வைன் ஊற்றுகிறவனுக்கு நாக்குதான் சோறு போடும். கரையான்சாவடிக்கு வீடு திரும்பியதும் அதே நாக்கு அவன் மானத்தை வாங்கும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் புரியும்.

படுக்கை வசதி

மகள் ஷீலா பிறந்த வருஷம் ஒரு நல்ல சிவப்பு வைன் வாங்கினேன். அவள் கல்யாணம் நிச்சயமாகும் அன்று திறப்பதாகத் திட்டம். பழைய வைனுக்கு இருட்டு வேண்டும், குளுமை வேண்டும், கார்க் காயாமலிருக்கப் பாட்டில் படுத்தே கிடக்க வேண்டும். நம்ம ஊரில் குளுமைக்கு எங்கே போவது? தரையாவது சில்லென்று இருக்கிறதே என்று, கோணி சுற்றிக் கட்டிலுக்கடியில் படுக்க வைத்தேன்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இது பொறுக்கவில்லை. பெருக்கும்போதெல்லாம் எடுத்து நிமிர்த்தி வைப்பாள். நான் மறுபடி படுக்க வைப்பேன். ஒரு நாள் உட்காரவைத்து, கார்க்கின் அருமை பெருமைகளை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “குடிச்சவன்தான் விழுந்து கெடப்பான், பாட்டிலுமாங்க கெடக்கணும்?”

பரிதாபம்

ஹோட்டலில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கோட்டு சூட்டோடு வந்த ஒருவர், இருப்பதிலேயே உசத்தியானதைக் கேட்டார். பச்சைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஒரு பழைய பாட்டிலைக் கொண்டுபோய் லேபிளைக் காட்டினேன். வருஷத்தைப் படித்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏன் சார், இத்தன வருஷமா யாரும் வாங்காம தங்கிப்போச்சா?”

கிறிஸ்துமஸ் பரீட்சை

டிசம்பர் வந்தால் சர்ச் ஜனங்களுக்கு என் நாக்கின் ஞாபகம் வந்துவிடும். குமணன்சாவடியில் ஆட்டோ ஓட்டும் வில்சன், திராட்சையும் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஜாடியில் வைன் ஊற வைப்பவர். போன வருஷத்து மிச்சத்தை, ‘பழசு’ என்று பெருமையோடு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

தொழில் புத்தி விடுமா? சாய்த்து நிறம் பார்த்தேன். சுழற்றினேன். மூக்கை உள்ளே விட்டு மோந்தேன். இருமல் மருந்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தும், மரியாதைக்காக இன்னொரு தரம் உற்றுப் பார்த்தேன். வில்சன் பதறிப்போனார்: “இன்னா அண்ணாத்தே, ஈ எதனா உழுந்துகீதா?”

திறப்பு விழா

ஷீலாவுக்கு ஆவடியில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயம் பேச அவர்கள் வந்து உட்கார்ந்ததும், அந்த வைனின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி வாயில் எச்சில் ஊற வைத்துவிட்டு, கட்டிலுக்கடியில் கையை விட்டேன். கோணி மட்டும் வந்தது.

வெள்ளையடித்தபோது எடுத்து வைத்தாளாம் ஸ்டெல்லா. அடுப்புக்கு மேலே பரணில், எண்ணெய் பாட்டில்களோடு விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. சில வருஷமாக அவள் பாட்டிலை நிமிர்த்தாததை என் வெற்றி என்றல்லவா நினைத்திருந்தேன்! நானும் குனிந்து பார்க்கவில்லை. தூங்குகிற பழைய வைனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். நாசமாய்ப் போன தர்மம்.

கார்க் தூள் தூளாக உதிர்ந்தது. மோந்ததுமே தெரிந்துவிட்டது, புளித்துப்போன சுத்தமான காடி. இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்கா? வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தேன். “பொண்ணு வயசு வைனாமே, ஊத்துங்க” என்று சம்பந்தி விடவில்லை. ஒரு வாய் வைத்தவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சம்பந்தியம்மா உதட்டோடு நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளை மட்டும் ஷீலாவைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், கிளாசைக் காலி செய்துவிட்டு, “நல்லா இருக்கு மாமா” என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுக்களைக்குள் ஓடினால், மிச்ச வைனை ஆட்டுக்கறியில் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்த ஸ்டெல்லா நிமிராமலே சொன்னாள்: “பையன் தங்கம்ங்க, இதையே மொகம் சுளிக்காம குடிச்சவன், உங்களையும் சமாளிச்சிடுவான்.”

நாள்பட நாள்படத்தான் ருசி கூடும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி ஊற்றுகிறவன் நான். எங்கள் வீட்டில் நாள்பட்டுப் புளித்துப்போனது அந்தப் பாட்டில் மட்டும்தானா என்று ஸ்டெல்லாவிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.