நவமணியக்காவுக்கான கொப்பி

மானிப்பாய்ச் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி, என் தையல் கடைக்கும் அருள்நேசன் அண்ணையின் படக்கடைக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைச் சுவர். அந்தச் சுவரின் புண்ணியத்தில் நான் கேட்காத படம் இல்லை. பார்த்ததுதான் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் நான் சட்டைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் ஒருத்தி யாருடைய பிணத்தின்மேலோ விழுந்து கதறுவாள். அவர் அதை நிறுத்துவார், பின்னுக்கு இழுப்பார், திரும்பவும் கதறவிடுவார். ஒரே சாவை நாலு தரம் கேட்டுவிட்டு மத்தியானச் சோறு தின்ன எனக்கென்ன தலையெழுத்தா?

“அண்ணை, அந்த மனிசியை ஒருக்கா அழுது முடிக்க விடுங்கோவன்,” என்று பலகையில் தட்டுவேன்.

“முடிஞ்சுது மகாதேவி, முடிஞ்சுது,” என்பார். ஆனால் முடியாது.

அவருக்கு அறுபதாகப் போகிறது. கலியாணம் கட்டவில்லை. கசெற்றில் தொடங்கி, சீடி, டிவிடி என்று மாறி, இப்போது ஆட்கள் நீட்டுகிற பென் டிரைவில் படம் ஏற்றிக் கொடுக்கிறார். பழைய டிவிடிப் பெட்டியைக் கைவிடாத வயதுபோனவர்களுக்கு இன்னமும் தட்டில் அடித்துக் கொடுப்பார். உரிமை கிரிமை என்று யாராவது கதையெடுத்தால் காது கேளாதவர் மாதிரி இருந்துவிடுவார்.

ஒவ்வொரு வெள்ளியும் கடை வாசலில் ஒரு கரும்பலகை வைப்பார். புதிதாக வந்த படங்கள், தொடர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவருடைய தீர்ப்பு. ‘பிள்ளைகளோடு பார்க்கலாம்.’ ‘பாட்டை விட்டுவிட்டுப் பார்க்கலாம்.’ ‘வேறு வேலை இல்லாதவர்கள் பார்க்கலாம்.’ அந்தப் பலகையை நம்பித்தான் சனம் வந்தது. அதற்காக அந்த மனிதர் வருகிற எல்லாவற்றையும் இருந்து பார்த்தார். விருப்பப்பட்டுப் பார்த்தார் என்று நினைத்துவிட வேண்டாம். கண்ணுக்குக் கீழே பை விழுந்து, முதுகு கூனி, கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்தார்.

“புதுசு எண்டு வாறதெல்லாம் எனக்குப் பழசாத்தான் கிடக்குது,” என்று ஒருநாள் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

பலகையில் எழுதாத விஷயம் ஒன்றும் உண்டு. அதை ஆட்கள் நேரே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்.

“ஆரும் சாகினமோ?”

சண்டையில் ஆளை இழந்த வீடுகள். பொழுது போகட்டும் என்று போட்ட படத்தில் திடீரென்று பிணம் வந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. அண்ணை மறைக்காமல் சொல்லுவார். “ஒராள் சாகுது, ஆனால் அவன் கெட்டவன்.” “கடைசியிலை தகப்பன் போயிடுவார், அதுக்கு முதல் நிப்பாட்டுங்கோ.”

நவமணியக்கா மட்டும் அப்படிக் கேட்டதில்லை. ஆசுபத்திரியில் தாதியாக இருந்து இளைப்பாறியவர். கணவர் எப்போதோ போய்விட்டார். மகன் சுஜீவன் போர் முடிந்த வருடம் வன்னியில் காணாமல் போனான். செத்துவிட்டான் என்று சொல்லவும் ஆள் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆள் இல்லை. அக்காவும் அண்ணையும் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அங்கே வருடத்தில் ஒரு ஞாயிறு, இறந்தவர்களின் பெயர்களை வாசித்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். அன்றைக்கு மட்டும் அக்கா வரமாட்டார். அண்ணை அதைக் கவனித்து வைத்திருந்தார்.

ஒருமுறை அக்கா கொண்டுபோன படத்தில், பட்டாளத்துக்குப் போன மகன் சவப்பெட்டியில் வீடு வருகிறான். வழக்கமாக மறுநாளே டிவிடியைத் திருப்பித் தருகிறவர் ஒரு கிழமை கழித்து வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. மேசையில் வைத்துவிட்டு உடனே போய்விட்டார்.

அன்றிலிருந்து நவமணியக்காவுக்கென்று படங்களைத் தனிக் கொப்பியாக அண்ணை அடித்துக் கொடுத்தார். பிள்ளை சாகிற படம் என்றால் சாவுக்கு முன்னாலேயே வெட்டி, அந்த இடத்தில் பாட்டை ஒட்டி, கதை முடிந்த மாதிரிச் செய்துவிடுவார். நான் பலகைக்கு இப்பால் கேட்ட கதறலில் பாதி இந்த வெட்டுவேலையின் சத்தம். பல வருடமாக எனக்கு அது தெரியாது.

அப்படி வெட்டிய ஒன்று, கடற்கரைப் படம். கடல் தொழிலுக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் தினமும் கரையில் வந்து நிற்கிறாள். கடைசியில் தூரத்தில் ஒரு வள்ளம் தெரிகிறது. அண்ணை அந்த வள்ளத்தோடு படத்தை முடித்துவிட்டார். முழுப்படத்தில் அந்த வள்ளக்காரர் கொண்டுவருவது மகனின் உடல்.

கனடாவில் இருக்கும் மகள் அபிகாயில், போன மாதம் நவமணியக்கா வீட்டில் இன்டர்நெட்டோடு பெரிய ரீவி ஒன்று பூட்டுவித்தாள். “இனி உமக்குக் கரைச்சல் இல்லைத் தம்பி,” என்று அக்கா வந்து சொல்லிவிட்டுப் போனார். அண்ணை தலையாட்டினார். ஒரு வேலை குறைந்ததே என்று ஆறுதல்பட்டார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வெள்ளி அவர் கரும்பலகை வைக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். கொம்பியூட்டரில் அந்தக் கிழமை வெளியான படங்கள் வரிசையாகத் தெரிந்தன. முதலாவதாக, அதே கடற்கரைப் படம். பழுதெல்லாம் திருத்தி, நிறம் துலக்கி, புதிதாக விட்டிருக்கிறார்கள். நவமணியக்கா வீட்டு ரீவியிலும் அது வரும்.

“அக்கா கட்டாயம் பாப்பா,” என்றார் அண்ணை. “அவவுக்கு விருப்பமான படம்.” பிறகு வெட்டின கதை முழுவதையும் சொன்னார்.

“உங்களை ஆர் வெட்டச் சொன்னது?” என்று ஏசினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் ஏன் ஏசினேன் என்றிருந்தது.

“வள்ளத்திலை மகன் உயிரோடை வாறான் எண்டு அவ நம்பியிருப்பா, மகாதேவி. நம்பவைச்சது நான். இப்ப தனிய இருந்து மிச்சத்தைப் பாக்கப்போறா.”

“போய்ச் சொல்லுங்கோவன்.”

“என்னெண்டு சொல்லுறது?”

அண்ணை போகவில்லை. ஞாயிறு ஆராதனைக்கு அக்கா வரவில்லை என்று திங்கட்கிழமை காலை அவர் என்னிடம் வந்து சொல்லிக்கொண்டு நிற்கும்போதே, குடையை மடித்தபடி அக்கா வந்தார். நானும் அவர்கள் பின்னால் படக்கடைக்குள் போய் நின்றேன். மரியாதை பார்க்கிற நேரமா அது?

“தம்பி, அந்தக் கடல்படம் பாத்தனான்.”

“அக்கா, நான்…”

“இரும்.” அக்காவும் மர வாங்கில் அமர்ந்தார். “என்ரை கொப்பியிலை கடைசித் துண்டு இல்லை. நீரோ வெட்டினது?”

“ஓம் அக்கா.”

“வேறை படங்களும்?”

“ஓம். நீங்கள் அழக்கூடாது எண்டுதான்…”

அக்கா கோபிக்கவில்லை. நித்திரை இல்லாதவர் மாதிரி இருந்தார்.

“அந்தப் பட்டாளத்துப் படம் ஞாபகமோ? ஒரு கிழமை வைச்சிருந்தனான். பெட்டி வாற இடத்தை ஒவ்வொரு நாளும் போட்டுப் பாத்தனான். தாய் பெட்டியைத் திறந்து பிள்ளையின்ரை முகத்தைத் துடைக்கிறா. நெத்தியிலை கொஞ்சுறா. பிறகு எல்லாருமாக் கொண்டுபோய் அடக்கம் பண்ணுகினம். அதைத் திருப்பிக் கேக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது. அதுக்குப் பிறகு நீர் தந்த ஒரு படத்திலையும் ஒரு தாய்க்கும் பிள்ளை கிடைக்கேல்லை.”

அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “வள்ளம் வந்ததுதானே அக்கா,” என்றார்.

“வந்தது. அதுக்குள்ளை ஆர் எண்டு நீர் காட்டேல்லை. நான் வீட்டிலை இவ்வளவு காலமும் அதைத்தானே பாத்துக்கொண்டு இருக்கிறன்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அக்கா எழும்பிக் குடையை எடுத்தார். “வெட்டின துண்டெல்லாம் எனக்கு வேணும் தம்பி. முன்னுக்கு இருக்கிற கதை வேண்டாம். அது எனக்குத் தெரியும்.”

வெட்டியதை யார் சேர்த்து வைப்பார்கள்? அண்ணை பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, முன்கதையைக் கழித்து, கடைசியை மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டத் தொடங்கினார். அந்தக் கிழமை முழுக்கப் பலகைக்கு அப்பால் பெட்டி வந்தது, வள்ளம் வந்தது, தாய்மார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் நிறுத்துவார், பின்னுக்கு இழுப்பார், சரிபார்ப்பார், திரும்பவும் விடுவார்.

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த றொசாந்தி சுவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“என்ன மாமி, பக்கத்திலை ஆரும் செத்திட்டினமோ?”

“ஓம்,” என்றேன். பலகையில் தட்டவில்லை. கையைத் தூக்கச் சொல்லி அளவெடுத்தேன்.