‘ஏ’ மட்டும் வந்த பெட்டி

எண்பதுகளில் அரியலூரில் வேலை பார்த்தபோது என் ரேடியோ பழுதானால் ஒரு மெக்கானிக்கிடம்தான் கொடுப்பேன். ஒல்லியான மனிதர். ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, கேட்கும் ஒலிக்கேற்பத் தன் வாயையும் குவிப்பார், விரிப்பார்.

அவர் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல் போய்விட்டது. அந்த அம்மாள் தன்னைக் கூப்பிடுவதற்காக மெக்கானிக் ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். உள்ளே வண்டு போல ஒரே ரீங்காரம். அதை ஒலியை வடிகட்டும் இரண்டு ஃபில்டர் வழியாக விட்டுக் குமிழைத் திருகினால், ரீங்காரத்தில் சில பகுதி அடங்கி, சில பகுதி எழும்பி, ‘ஆ’ என்றோ ‘ஊ’ என்றோ கேட்கும்.

“என்னைய ‘ஏங்க’ன்னுதான் சார் கூப்புடுவா. ‘ஏ’ வந்துடுச்சு. ‘ங்க’தான் வர மாட்டேங்குது” என்றார்.

அந்த அம்மாளுக்கு அந்த ஒலி பிடிக்கவில்லை. வேண்டாம் என்று கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சில மாதங்களில் அந்த அம்மாள் இறந்துபோனார். நான் துக்கம் கேட்கப் போனபோது, பெட்டி ‘ஏ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“இனி யாருக்குங்க இது?” என்றேன்.

“எனக்குத்தான் சார். அப்படிக் கூப்புட வூட்ல வேற ஆளில்லைங்களே” என்றார், குமிழிலிருந்து கையை எடுக்காமல்.